தரைக்குத்தான் நினைவு: 48 மணி நேரத்தில் ஓர் எறும்பு விளையாட்டு

முதன்முதலில் ஒரு வார இறுதிப் போட்டிக்காக எறும்பு விளையாட்டு செய்ய உட்கார்ந்தபோது, முதல் ராத்திரி முழுக்க நான் எறும்புக்குக் கால் வரைந்துகொண்டிருந்தேன். ஆறு கால். நடக்கும்போது மாறி மாறி நகர வேண்டும் என்று எட்டுப் படங்கள். விடிகாலை நாலு மணிக்கு அதைத் திரையில் விட்டுப் பார்த்தேன். முந்நூறு எறும்பு ஒரே திரையில் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் மூன்று பிக்சல் நீளம்தான் இருக்க முடியும். மூன்று பிக்சலில் கால் எங்கே தெரியும்? ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்தது. எட்டு மணி நேரம் போயிருந்தது.

அந்தப் போட்டியில் நான் எதையும் அனுப்பவில்லை. அடுத்த முறை அனுப்பினேன். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கணினி நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இது போதும். எழுதாதவர்களும் படிக்கலாம், கணக்கெல்லாம் பெருக்கலைத் தாண்டாது.

இந்த மாதிரிப் போட்டிகளுக்குக் கேம் ஜாம் என்று பெயர். குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் ஒரு முழு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். அந்தப் பேரை நிலைநிறுத்திய கூட்டம் 2002 மார்ச்சில், கலிபோர்னியாவின் ஓக்லண்டில், ஒரு களஞ்சியக் கொட்டகையில் நடந்தது. கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் என்ற இரண்டு புரோகிராமர்கள் முன்னின்று நடத்தினார்கள். 14 பேர் நான்கு நாள் உட்கார்ந்து 12 விளையாட்டுகள் செய்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு எஞ்சின், அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருள், கொடுக்கப்பட்டது. திரையில் ஒரு லட்சம் குட்டி உருவங்களை ஒரே நேரத்தில் ஓடவிடக் கூடிய எஞ்சின் அது. அதாவது கேம் ஜாம் என்ற பழக்கம் தொடங்கியபோதே குட்டி உயிர்களின் கூட்டத்தோடுதான் தொடங்கியது.

அடுத்த மாதமே, 2002 ஏப்ரலில், லூடும் டேர் என்ற இணையப் போட்டி ஆரம்பித்தது. முதல் முறை 24 மணி நேரம், பிறகு 48 ஆனது. தனி ஆளாகக் கலந்துகொள்ளும் பிரிவில், படம், ஒலி, நிரல் எல்லாவற்றையும் அந்த 48 மணி நேரத்துக்குள் ஒருவரே செய்ய வேண்டும். அந்த முதல் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு 'மறைமுக ஊடாட்டம்'. விளையாடுபவர் எதையும் நேரடியாக ஓட்டக் கூடாது, சுற்றிவளைத்துத்தான் காரியம் சாதிக்க வேண்டும். எறும்பு விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சரி, எறும்பு விளையாட்டு ஒரு சிமுலேஷன். அப்படியென்றால் என்ன?

சாதாரண விளையாட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதை நாம் எழுதுகிறோம். இந்தக் கதவைத் திறந்தால் பூதம் வரும், பூதத்தை மூன்று தடவை அடித்தால் சாகும். சிமுலேஷனில் அப்படி எழுதுவதில்லை. ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு மூன்று விதிகள் கொடுத்து விட்டுவிடுகிறோம். அப்புறம் நடப்பதை நாமும் வேடிக்கைதான் பார்க்கிறோம். கதவு, பூதம் என்று ஐம்பது காட்சிகளை எழுத 48 மணி நேரம் போதாது. மூன்று விதிகள் எழுத ஒரு சாயங்காலம் போதும். நேரம் குறைவாக இருக்கும்போது சிமுலேஷன் கைகொடுப்பது இதனால்தான். ஆனால் அந்த மூன்று விதிகளைச் சரியான எண்ணுக்குக் கொண்டுவர மிச்ச நேரம் முழுக்கப் போய்விடும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இப்போது எறும்புக்கு வருவோம். சமையலறை மேடையில் ஒரு துளி பாகு சிந்தியிருக்கிறது. காலையில் பார்த்தால் சுவரோரமாக ஒரு வரிசை. யார் இந்த வரிசையைப் போட்டது? தலைவன் கிடையாது, வரைபடம் கிடையாது. புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். நானும் தவறினேன். எறும்புக்குள் ஒரு மூளையை எழுதப் பார்ப்போம். உணவு எங்கே என்று ஞாபகம் வைத்துக்கொள், பக்கத்து எறும்பிடம் சொல், குறுக்கு வழி கண்டுபிடி. இப்படி எழுதிக்கொண்டே போனால் நிரல் நீளும், எறும்பு மட்டும் ஒழுங்காக நடக்காது.

உண்மையான எறும்பு பெரும்பாலும் பக்கத்து எறும்பிடம் எதுவும் 'சொல்வதில்லை'. நடந்த இடத்தில் ஒரு வாசனையைத் தடவிவிட்டுப் போகிறது. பின்னால் வரும் எறும்பு அந்த வாசனையை மோந்து திரும்புகிறது. செய்தி எறும்பின் தலையில் இல்லை, தரையில் இருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் பியேர்-போல் கிராசே கறையான்கள் புற்றுக் கட்டுவதைப் பார்த்து 1959இல் இதற்கு ஸ்டிக்மர்ஜி என்று பெயர் வைத்தார். ஒருவர் விட்டுப்போன வேலையின் தடமே அடுத்தவருக்குக் கட்டளையாகிறது என்பது பொருள். கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா உள்ளே போக, தங்கை வந்து புள்ளிகளைப் பார்த்து மீதியைப் போட்டுவிடுகிறாள் அல்லவா, அந்த மாதிரி. ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே நம் விளையாட்டில் எறும்பைவிடத் தரைதான் முக்கியம். திரையை 160க்கு 90 என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 14,400 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண், அங்கே எவ்வளவு வாசனை இருக்கிறது என்பதற்கு. ஆரம்பத்தில் எல்லாம் சுழியம். தரை தயார்.

எறும்புக்கு என்னென்ன வேண்டும்? எங்கே நிற்கிறது என்பதற்கு இரண்டு எண், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு ஒரு கோணம், வாயில் உணவு இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஓர் ஆம்-இல்லை. அவ்வளவுதான். பெயர் வேண்டாம், வயது வேண்டாம், பசி வேண்டாம். பசி வைக்க ஆசையாக இருக்கும். போட்டி முடிந்தபிறகு வையுங்கள்.

கணினி வழக்கமாக ஒரு விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லா எறும்பையும் ஒரு சுற்று கூப்பிட்டு, உன் முறை என்கிறோம். வாயில் உணவு இல்லாத எறும்பு தனக்கு முன்னால் மூன்று இடங்களை மோந்து பார்க்கும்: நேரே, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. எங்கே வாசனை அதிகமோ அந்தப் பக்கம் சிறிது திரும்பும். மூன்றிலும் ஒன்றுமில்லை என்றால் தோன்றியபடி லேசாக அப்படி இப்படித் திரும்பும். பிறகு ஓர் அடி முன்னே. உணவு மேல் கால் பட்டால் எடுத்துக்கொள்ளும், வளையைப் பார்த்துத் திரும்பும். வாயில் உணவு இருக்கிற எறும்பு வளைக்கு நேராக நடக்கும், நடக்கும்போது காலடிக் கட்டத்தில் வாசனையைக் கூட்டிக்கொண்டே போகும். வளைக்குப் போனதும் உணவைப் போட்டுவிட்டு மறுபடி கிளம்பும்.

வளை எங்கே என்று எறும்புக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். விளையாட்டில் நாமே சொல்லிவிடுகிறோம், அது ஒரு குறுக்கு வழிதான். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. சகாரா பாலைவன எறும்புகள் சூரியனை வைத்துத் திசையும், காலடிகளை வைத்துத் தூரமும் கணக்குப் போட்டு வீடு திரும்புகின்றன. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவை எடுத்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் ஆக்கிவிட்டார்கள். கால் நீண்டதால் அதே எண்ணிக்கை அடிகளில் வளையைத் தாண்டிப் போய் நின்று தேடின. எறும்புக்குப் பொய்க்கால் கட்டிவிட்ட அந்தக் கைகளின் பொறுமையை நினைத்தால் என் 48 மணி நேரம் எல்லாம் ஒன்றுமே இல்லை.

இந்த அமைப்பில் இன்னொரு வசதி உண்டு. ஓர் எறும்பு மற்ற எறும்புகளைப் பார்க்கவே இல்லை. 500 எறும்பும் ஒன்றை ஒன்று பார்க்க வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 500 பெருக்கல் 500, இரண்டரை லட்சம் சோதனைகள். விநாடிக்கு ஒன்றரைக் கோடி. பழைய லேப்டாப்பின் விசிறி கத்த ஆரம்பிக்கும். தரையை மட்டும் மோந்தால் எறும்புக்கு மூன்று வீதம் ஒரு ஃபிரேமுக்கு 1,500தான். பறவைக் கூட்டம், மீன் கூட்டம் செய்பவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது. கிரெய்க் ரேனால்ட்ஸ் 1986இல் செய்த, இன்றுவரை எல்லோரும் நகலெடுக்கிற 'பாய்ட்ஸ்' முறையில் ஒவ்வொரு பறவையும் பக்கத்துப் பறவைகளைப் பார்த்தே ஆகவேண்டும்: மோதாதே, அவர்கள் போகிற திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. அழகாக இருக்கும். முதல் தடவைக்கு எறும்புதான் லேசு.

என் முதல் ஓட்டத்தில் ஒரு தப்பு செய்திருந்தேன். உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா எறும்பும் வாசனை விடும்படி எழுதியிருந்தேன். ஓடவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் முந்நூறு எறும்பும் ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. முன்னால் போகிற எறும்பின் வாசனையை மோந்து பின்னால் வருவது போக, அதன் வாசனையை மோந்து அடுத்தது போக, கடைசியில் முதல் எறும்பே கடைசி எறும்பின் பின்னால் போகிறது. நிரலில் ஏதோ பிழை என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு படித்தால், படை எறும்புகள் நிஜமாகவே இப்படிச் சுற்றுகின்றனவாம். அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி 1921இல் எழுதிய ஒரு வட்டத்தின் சுற்றளவு 1,200 அடி. ஒரு சுற்று முடிக்க ஓர் எறும்புக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. கண் சரியாகத் தெரியாத அந்த எறும்புகளுக்கு வாசனைதான் வழி. வாசனையே வட்டமாகிவிட்டால் தப்ப வழியில்லை, களைத்துச் சாகும்வரை சுற்றுவதும் உண்டு. உணவு தூக்கிய எறும்பு மட்டும் வாசனை விடட்டும் என்று ஒரு வரியை மாற்றினேன். வட்டம் கலைந்தது.

அடுத்த சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. வரிசை உண்டானது, ஆனால் அதில் ஏறிய எறும்புகளில் பாதி உணவுப் பக்கம் போகாமல் வளைப் பக்கமே திரும்பி வந்தன. யோசித்துப் பார்த்தால் அவற்றின் மேல் தப்பில்லை. ஒரு கோடு கிடக்கிறது. எந்த முனையில் சர்க்கரை, எந்த முனையில் வீடு என்று கோடு சொல்லவில்லையே. கோட்டுக்கு ஒரு சரிவு வேண்டும். உணவுப் பக்கம் வாசனை தூக்கலாக, வளைப் பக்கம் மங்கலாக இருந்தால், அதிகமான பக்கம் திரும்பு என்ற அதே விதியே எறும்பை உணவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதற்காக, உணவை எடுத்ததும் எறும்பு 1 என்ற அளவில் வாசனை விடத் தொடங்கும். ஒவ்வோர் அடிக்கும் அதை 0.99ஆல் பெருக்குவதால் குறைந்துகொண்டே வரும். 200 அடி நடந்து வளைக்கு வரும்போது 0.13தான் மிச்சம்.

மறதிக்கு ஓர் எண்

இந்த விளையாட்டின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தரையில் விட்ட வாசனை அப்படியே இருந்தால் என்ன ஆகும்? சர்க்கரைக் கட்டி தீர்ந்துவிடும். ஆனால் அதற்குப் போகிற பாதை இருந்துகொண்டே இருக்கும். எறும்புகள் காலியான இடத்துக்குப் படையெடுத்துப் போய்ச் சுற்றி நிற்கும். ஆகவே வாசனை ஆவியாக வேண்டும். செய்வது மிகச் சுலபம்: ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாக் கட்டத்து எண்ணையும் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். எந்த எண்?

நான் முதலில் 0.99 போட்டேன். நூற்றில் ஒன்றுதானே குறைகிறது, மெதுவாகத்தான் போகும் என்று நினைத்தேன். ஆனால் விநாடிக்கு 60 தடவை அல்லவா பெருக்குகிறோம். 69 தடவையில் வாசனை பாதியாகிவிடுகிறது, அதாவது ஒரு விநாடி கொஞ்சம் சொச்சம். எறும்பு வளைக்கு வருவதற்குள் பாதையே இல்லை. அதோடு இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எறும்பு விடும் வாசனையும் ஓர் அடிக்கு 0.99 வீதம் குறைகிறது, ஏற்கெனவே விட்டதும் அதே 0.99 வீதம் ஆவியாகிறது. இரண்டும் சமமாகப் போய், கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த சரிவு தட்டையாகிவிட்டது. எறும்புகள் மறுபடி இரண்டு பக்கமும் அலைந்தன.

0.999 போட்டால்? பாதியாக 693 ஃபிரேம், சுமார் பதினொன்றரை விநாடி. 200 ஃபிரேமுக்கு முன் உணவருகில் விட்ட வாசனையில் இன்னும் 0.82 இருக்கும். வளையருகே புதிதாக விட்டது 0.13. சரிவு நன்றாக இருக்கிறது. இன்னொரு 9 சேர்த்து 0.9999 போட்டால் பாதியாகவே கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகும். ஒன்றரை நிமிட விளையாட்டில் அந்தத் தரை எதையும் மறப்பதேயில்லை. கடைசியில் ஓர் ஒன்பதைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில்தான் பைத்தியக்காரக் கூட்டமும் கெட்டிக்காரக் கூட்டமும் பிரிகின்றன.

நிஜ எறும்புகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் ழான்-லூயி தெனெபூர் குழுவினர் அர்ஜென்டினா எறும்புகளை வைத்து ஒரு சோதனை செய்து 1989இல் வெளியிட்டார்கள். வளைக்கும் உணவுக்கும் நடுவே இரண்டு கிளையுள்ள ஒரு பாலம். ஒரு கிளை மற்றதைப் போல் இரண்டு மடங்கு நீளம். எறும்புகள் முதலில் இரண்டிலும் போகின்றன. குட்டைக் கிளையில் போனவை சீக்கிரம் திரும்பி வருவதால் அதில் வாசனை சீக்கிரம் சேர்கிறது, கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் அந்தப் பக்கமே போகின்றன. எந்த எறும்பும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் முதலில் நீளக் கிளையை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு குட்டைக் கிளையைத் திறந்தால், பெரும்பாலும் பழைய நீள வழியிலேயே போய்க்கொண்டிருந்தன. பழைய வாசனை அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

மறதியோடு சேர்ந்து கொஞ்சம் கவனக்குறைவும் வேண்டும். எல்லா எறும்பும் ஒழுங்காக வரிசையில் போனால் பக்கத்தில் கிடக்கும் புது உணவை யார் கண்டுபிடிப்பது? மோந்து பார்த்த பிறகும், நூற்றில் ஐந்து தடவை வாசனையைச் சட்டை செய்யாமல் தோன்றிய பக்கம் திரும்பட்டும் என்று வைத்தேன். பார்ப்பதற்கும் அது நிஜ எறும்பு போல இருந்தது. நம் வீட்டுப் பிள்ளையார் எறும்பைக் கவனித்திருப்பீர்கள். வரிசையை விட்டு எங்கேயோ ஓடி, ஒரு வட்டம் அடித்து, ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வரும்.

இந்த எண்களையெல்லாம் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, எண்ணை மாற்றி, மறுபடி ஓடவிட்டால் ஒரு நாள் போய்விடும். ஆகவே முதல் நாள் சாயங்காலமே இரண்டு மூன்று விசைகளை ஒதுக்கி, விளையாட்டு ஓடும்போதே எண் கூடவும் குறையவும் வழி செய்துகொள்ளுங்கள். இன்னொரு விசையை அழுத்தினால் பத்து மடங்கு வேகத்தில் ஓடட்டும். இவை விளையாடுபவருக்கு இல்லை, உங்களுக்கு. எனக்கு மிச்சமான நேரமெல்லாம் இந்த நாலு விசையால் மிச்சமானதுதான்.

இரண்டு கடிகாரங்கள்

இதுவரை செய்தது வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் விளையாட்டு ஆகவில்லை. விளையாட்டு ஆக வேண்டுமென்றால் விளையாடுபவருக்கு ஒரு வேலையும், ஓர் அவசரமும் வேண்டும்.

குட்டி உயிர்களையும் அவசரத்தையும் சேர்த்துப் புகழ்பெற்ற விளையாட்டு, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டிஎம்ஏ டிசைன் நிறுவனம் செய்து 1991இல் வெளிவந்த லெம்மிங்ஸ். எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டத்துக்குள் ஒரு மனிதன் நடப்பது போல அனிமேஷன் செய்ய முடியுமா என்று அங்கே ஒருவர் விளையாட்டாக முயன்றதில் பிறந்தது அது. குட்டி உருவங்கள் நேராக நடந்துகொண்டே இருக்கும், பள்ளம் வந்தாலும் நிற்காது. நீங்கள் அவற்றை நேரடியாக ஓட்ட முடியாது. குழி தோண்டு, படி கட்டு, வழி மறி என்று எட்டு வேலைகளில் ஒன்றை ஏதாவது ஓர் உருவத்துக்குக் கொடுக்கலாம். மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். (அதே நிறுவனம்தான் பின்னால் கார் திருடும் அந்தப் பெரிய விளையாட்டை, கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவை, ஆரம்பித்தது. நடுவில் என்ன ஆயிற்றோ.)

என் விளையாட்டின் கதை இது. ஒரு முற்றம். ஒரு மூலையில் எறும்பு வளை, எதிர் மூலையில் ஒரு வெல்லக் கட்டி. சிற்றெறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்பார்களே, அந்த மழை 90 விநாடியில் வரப்போகிறது. அதற்குள் எவ்வளவு வெல்லம் வளைக்குப் போய்ச் சேருமோ அவ்வளவு மதிப்பெண். விளையாடுபவர் கையில் ஒரு பிடி அரிசி மாவு மட்டும். அதைத் தரையில் தூவலாம். எறும்பு மாவையும் உணவாக எடுத்துக்கொண்டு போகும், போகும்போது பாதை உண்டாகும். வளையிலிருந்து வெல்லத்தை நோக்கி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எறும்பைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் மாவுத் துகள் ஒன்றுக்கு 1 மதிப்பெண், வெல்லத் துணுக்குக்கு 10. அதிகம் தூவினால் எல்லா எறும்பும் மாவையே தூக்கிக்கொண்டிருக்கும். குறைவாகத் தூவினால் வெல்லம் இருப்பதே தெரியாது. இந்த இழுபறியை யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். மாவை உணவாக்கியது நேரம் இல்லாததால். தனியாக ஒரு வாசனைப் பொடி எழுத வேண்டாமே என்று.

மழையை முதலில் மூலையில் 90, 89, 88 என்று எண்ணாகக் காட்டினேன். யாரும் அதைப் பார்க்கவில்லை, கண் எறும்பு மேலேயே இருக்கும். பிறகு அந்த எண்ணை எடுத்துவிட்டு, 60ஆவது விநாடியிலிருந்து தரை மெல்ல இருட்டும்படி செய்தேன். 75ஆவது விநாடியில் முதல் தூறல். ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் சின்ன வட்டத்துக்குள் வாசனை சுழியமாகும். நிரல் நாலே வரி. ஆனால் கட்டி வைத்த பாதை கண்ணெதிரே அறுந்து, எறும்புகள் அந்த இடத்தில் திகைத்து அலையும்போது, விளையாடுபவர் தானாகவே நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார். அவசரமும் தரை வழியாகவே வரட்டும் என்பதுதான் நான் அன்று பிடித்துக்கொண்டது.

இன்னொரு கடிகாரம் கணினிக்குள் இருக்கிறது. அது என்னை இரண்டாம் நாள் மத்தியானம் கவிழ்த்தது. நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். என்னால் 400 தாண்ட முடியாத விளையாட்டில் அவன் முதல் ஆட்டத்திலேயே 900 எடுத்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் அவ்வளவு இல்லை. விசாரித்தால் அவனுடைய மானிட்டர் விநாடிக்கு 144 தடவை புதுப்பிப்பது. எறும்பு ஒரு ஃபிரேமுக்கு ஓர் அடி வைக்கிறது. அவன் வீட்டு எறும்புகள் 2.4 மடங்கு வேகத்தில் ஓடியிருக்கின்றன. மழை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து 90 விநாடியில் வந்திருக்கிறது.

இதற்கு வழி, திரை புதுப்பிப்பதையும் எறும்பு நடப்பதையும் பிரித்துவிடுவது. போன ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று கணினியைக் கேட்டு ஓர் உண்டியலில் போட்டுக்கொண்டே வர வேண்டும். உண்டியலில் அறுபதில் ஒரு விநாடி சேர்ந்ததும் அதை எடுத்துச் செலவு செய்து எறும்புகளை ஓர் அடி நடத்த வேண்டும். வேகமான மானிட்டரில் சில ஃபிரேம்களில் எறும்பு நகராது, மெதுவான கணினியில் ஒரே ஃபிரேமில் இரண்டடி வைக்கும். எங்கேயும் விநாடிக்கு 60 அடிதான். ஆவியாகும் கணக்கும் இதற்குள்ளேயே வர வேண்டும், இல்லையென்றால் நாம் தேடிக் கண்டுபிடித்த 0.999 வேறொருவர் வீட்டில் வேறு எண்ணாகிவிடும். கோடோ (Godot) மாதிரியான எஞ்சின்களில் இந்த உண்டியல் உள்ளேயே இருக்கிறது, சரியான இடத்தில் எழுதினால் போதும். நான் சரியான இடத்தில் எழுதவில்லை.

எந்தக் கருவியில் செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தெரிந்ததில் செய்யுங்கள். கோடோ இலவசம், பிரவுசரிலேயே ஓடும்படி வெளியிடலாம். பைக்கோ-8 காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் திரை 128க்கு 128, நிறம் 16 என்று அதுவே கட்டிப்போட்டுவிடுவதால் கால் வரைகிற ஆசை வராது. ஸ்கிராட்சில் ஓர் உருவத்தை நகலெடுத்துப் பெருக்கினால் நகல்கள் 300க்கு மேல் போகாது, 300 எறும்பு தாராளம். 48 மணி நேரத்துக்குள் புதுக் கருவி ஒன்றைக் கற்றுக்கொள்ளவும் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

கடைசி ஆறு மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. வெளியிட்டுப் பார்ப்பது, ஒலி சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பது, முகப்புப் பக்கத்துக்கு ஒரு படம் எடுப்பது என்று அதெல்லாம் நினைப்பதைவிட நேரம் தின்னும். அந்த நேரத்தில்தான் அக்கா மகளைக் கூப்பிட்டு விளையாடச் சொன்னேன். ஒன்பது வயது. எதுவும் சொல்லிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேராகப் போய் எறும்பு மேல் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறோர் எறும்பு. மறுபடி அழுத்தினாள்.

"மாமா, எறும்ப புடிச்சு நகத்த முடியாதா?"

"முடியாதும்மா. தரையில மாவு போடு, அதுவா வரும்."

2002இல் அந்த முதல் லூடும் டேரின் தலைப்பில் இருந்ததுதான் இது. அதை நான் திரையில் எங்கேயுமே சொல்லியிருக்கவில்லை. அன்று செய்த ஒரே கடைசி மாற்றம், சுட்டிக்கு வழக்கமான அம்புக்குறிக்குப் பதிலாக மாவு பிடித்த விரல்களின் படம். எறும்பு மேல் கொண்டுபோனால் விரல் மங்கும், வெறும் தரையில் தெளிவாகத் தெரியும்.

மாற்றி முடித்து மறுபடி கொடுத்தேன். வெல்லத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தில் மாவால் தன் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டாள். முதல் எழுத்து வளைக்குப் பக்கத்தில் இருந்ததால் எறும்புகள் அதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போயின. அவள் கடைசி எழுத்தை முடிப்பதற்குள் முதல் எழுத்து காலி. திரும்பி வந்து அதை மறுபடி எழுதினாள். தரை இருட்டத் தொடங்கியது.